மூக்கு மருந்தின் விலை

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தையும் வேலணையையும் கடந்து புங்குடுதீவுக்குள் வரும் வீதி, குறிகட்டுவான் இறங்குதுறையோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து நயினாதீவு கால் மணித்தியாலப் பயணம். நெடுந்தீவு ஒரு மணித்தியாலம். சோளகம் மூர்க்கமாக அடிக்கும் நாளில் படகு ஓடாமலும் போகும். நெடுந்தீவில் இருக்கும் ஒருவருக்கு வைத்தியர் மூக்கு ஸ்பிறே ஒன்றை எழுதித் தருகிறார், அது ஆஸ்பத்திரியில் கையிருப்பில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். வெளியே வாங்கப் போனால் அந்தப் போத்தலின் விலை, பெட்டியில் அச்சடித்த தொகையோடு நிற்காது. படகும் பஸ்ஸுமாக ஒரு பகல் போய்விடும். கடற்றொழிலாளி என்றால் அன்றைய தொழிலும் போய்விடும்.

ஒவ்வாமைக்காக மூக்குக்குள் அடிக்கும் ஸ்டீரொயிட் ஸ்பிறே, இன்சுலினைப் போலவோ இரத்த அழுத்தக் குளிசையைப் போலவோ யாரும் கவலைப்பட்டுப் பேசும் மருந்தல்ல. தும்மலுக்காக எவரும் சாவதில்லை என்பதால் அதன் விலையும் செய்தியாவதில்லை. ஆனால் இது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படுவது. இரவில் மூக்கடைத்து நித்திரை கெட்ட பிள்ளைக்கு அடுத்த நாள் வகுப்பில் கண் சொக்கும். கவனிக்காமல் விட்ட மூக்கு ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு முட்டலையும் கூட்டும். இந்த மருந்துக்காக நாம் கொடுக்கும் பணத்தில் பெரிய பங்கு மருந்துக்கே போவதில்லை. கொம்பனியின் பெயருக்குப் போகிறது. பிழையான பாவனையில் வீணாகிறது. பொறுமையிழந்து வாங்கும் வேறு மருந்துகளில் கரைகிறது. அந்தப் பங்கை மிச்சம் பிடிக்க முடியும்.

முதலில் வருத்தம் என்னவென்று தெரிய வேண்டும். ஊரில் பீனிசம் என்ற ஒரே சொல்லுக்குள் பலதும் அடங்கிவிடுகின்றன. தடிமன் ஒரு கிழமை, பத்து நாளில் போய்விடும். அதற்கு இந்த ஸ்பிறே வேண்டாம். ஒவ்வாமையின் அடையாளம் வேறு: காலையில் எழும்பியதும் அடுக்கடுக்காகத் தும்மல், பச்சைத் தண்ணீராக ஓடும் மூக்கு, மூக்கும் கண்ணும் அண்ணமும் கடித்தல், மாதக்கணக்கில் விடாத அடைப்பு. ஒரு பக்க மூக்கு மட்டும் தொடர்ந்து அடைத்தாலோ, இரத்தம் கலந்து வந்தாலோ, முகம் நொந்து காய்ச்சல் காய்ந்தாலோ அது வேறு கதை. வைத்தியரிடம் போக வேண்டும்.

ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. வீட்டுத் தூசியில் வாழும் தூசுண்ணியே குற்றவாளி என்பதை 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். மனித உடலில் இருந்து உதிரும் தோற்செதில்தான் அதன் உணவு. ஈரக்காற்று அதற்கு வாழ்வு. கடல் சூழ்ந்த தீவில் இரண்டுக்கும் குறைவில்லை. பனை மகரந்தமும் சிலரில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்று வங்காளத்தில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த பாத்தீனியம் இன்னொன்று. அதன் மகரந்தத்தால் வரும் மூக்கு ஒவ்வாமையை 1980களிலேயே பெங்களூர் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

தூசுண்ணியின் கழிவில் உள்ள புரதம் மூக்கின் ஈரச்சவ்வில் படுகிறது. ஒவ்வாமை உள்ளவரின் சவ்வில் மாஸ்ட் கலங்கள் என்ற காவற்கலங்கள், ஐஜிஈ என்ற பிறபொருளெதிரியைத் தம் மேற்பரப்பில் தாங்கியபடி காத்திருக்கின்றன. இந்த ஐஜிஈயை 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியரான இஷிசாக்கா தம்பதியரும், சுவீடனின் உப்சாலாவில் ஜொஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். புரதம் வந்து ஒட்டியதும் மாஸ்ட் கலம் சில நிமிடங்களுக்குள் ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. தும்மலும் கடியும் நீர்வடிதலும் அதன் வேலை. கதை அதோடு முடிவதில்லை. சில மணித்தியாலங்கள் கழித்து, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் வெண்குருதிக் கலங்கள் சவ்வுக்குள் குவிகின்றன, சவ்வு வீங்குகிறது, அடைப்பு நிலைத்துவிடுகிறது. அன்ரிஹிஸ்டமின் குளிசை முதல் அலையைத் தணிக்கும். இரண்டாம் அலையில் அதற்குப் பெரிதாக வேலையில்லை. குளிசையால் தும்மல் நின்றும் அடைப்பு விடவில்லை என்று பலர் முறையிடுவதற்குக் காரணம் இதுதான்.

ஸ்டீரொயிட் இரண்டாம் அலையின் வேரில் கை வைக்கிறது. அது கலத்துக்குள் புகுந்து, கருவுக்குள் போய், அழற்சியை வளர்க்கும் புரதங்களை ஆக்கும் மரபணுக்களை அடக்குகிறது. ஏற்கனவே ஆக்கப்பட்ட புரதங்கள் தீர வேண்டும், வந்து குவிந்த கலங்கள் கலைய வேண்டும். ஆகவே இந்த மருந்து அடித்தவுடன் மூக்கைத் திறக்காது. அரை நாளில் கொஞ்சம் தெரியும். முழுப்பலன் பல நாள், சிலருக்கு இரண்டு கிழமை கழித்தே வரும்.

செலவுக் கணக்கில் முதல் பெரிய ஓட்டை இந்த இரண்டு கிழமைக்குள் விழுகிறது. மூன்று நாள் அடித்துப் பார்த்துவிட்டு, இது சரிவராது என்று போத்தலை மூலையில் வைத்துவிடுகிறார்கள். பிறகு பாமசியில் வேறொன்று வாங்குகிறார்கள். அந்த வேறொன்று பெரும்பாலும் சைலோமெற்றசொலின், ஒக்சிமெற்றசொலின் வகைச் சொட்டு மருந்து. விலை குறைவு, ஐந்து நிமிடத்தில் மூக்கு திறக்கும். இரத்தக் குழாய்களைச் சுருக்குவதுதான் அதன் வேலை. ஐந்தாறு நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்து இறங்கும்போது குழாய்கள் முன்னிலும் அதிகமாக வீங்கும். அதை அடக்க இன்னும் சொட்டு. இப்படியே மாதக்கணக்கில் அந்தச் சின்னப் போத்தலை விட முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. விலை குறைந்த மருந்து, நீண்ட செலவு. ஸ்டீரொயிட் ஸ்பிறேயில் இந்தப் பழக்கமாகும் சிக்கல் இல்லை.

ஸ்டீரொயிட் என்ற பேரைக் கேட்டதும் பயப்படுகிறவர்களுக்கு ஓர் அளவு சொல்கிறேன். வளர்ந்த ஒருவருக்கு ஃபுளூட்டிகசோன் ஸ்பிறேயின் வழக்கமான முழு நாளளவு 200 மைக்ரோகிராம். அதில் இரத்தத்தில் கலப்பது நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. ஒரு சின்ன பிரெட்னிசலோன் குளிசையில் இருப்பது 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம். அதன் பெரும்பகுதி இரத்தத்துக்குப் போகும். ஸ்பிறே விலை கூட என்று, ஸ்டீரொயிட் கலந்த அலர்ஜிக் குளிசையைத் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோர் மிச்சம் பிடிக்கும் பணத்துக்குச் சலரோகத்தையும் எலும்புத் தேய்வையும் விலையாகக் கொடுக்கிறார்கள். இதைப் பாமசிக்காரர்கள் கண்டும் காணாமல் கொடுப்பது பெரிய தவறு.

இனி விலை. இந்த ஸ்பிறேக்கள் புதுக் கண்டுபிடிப்புகள் அல்ல. பெக்லொமெத்தசோன் 1970களில் வந்தது. புடெசொனைட், ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன் என்பன அதற்குப் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, காப்புரிமைக் காலத்தையும் கடந்துவிட்டன. ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் செய்த பரிசோதனைகளில், அறிகுறியைக் குறைப்பதில் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. புதியதுதான் நல்லது, விலை கூடியதுதான் வேலை செய்யும் என்பதற்கு இங்கே இடமில்லை.

காப்புரிமை முடிந்தால் விலை தானாக இறங்கும் என்றும் இல்லை. அமெரிக்காவில் ஃபுளோனேஸ் என்ற பெயரில் விற்ற ஃபுளூட்டிகசோன் ஸ்பிறேயின் பாதுகாப்புக் காலம் 2004இல் முடிந்தது. பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது 2006 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில், அதை விற்ற கிளாக்ஸோ நிறுவனம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு மனுமேல் மனு போட்டது. துளியின் அளவும் விசிறலின் வடிவமும் ஒத்திருப்பதை எப்படி உறுதிப்படுத்துவீர்கள் என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. அறிவியல் வழியில் அது நியாயமான கேள்விதான். ஸ்பிறே என்பது மருந்தும் பம்பியும் சேர்ந்த பண்டம், குளிசையைப் போல இரத்தத்தில் அளந்து ஒப்பிடுவது இலகுவல்ல. ஆனால் அந்தக் கேள்வியால் ஓடிய ஒவ்வொரு மாதத்துக்கும் நோயாளிகள் பழைய விலையே கொடுத்தார்கள். பின்னர் மருந்தை மொத்தமாக வாங்கியோர் தொடுத்த வழக்கை முடிக்க அந்த நிறுவனம் 150 மில்லியன் டொலர் கொடுத்தது.

மருந்தைப் பொதுப்பெயரில் மலிவாக வாங்கும் விடயத்தில் உலகத்துக்கே வழிகாட்டிய நாடு இலங்கை. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயும் மருத்துவரும் இடதுசாரித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஒரே மருந்து பல பெயர்களில், பல விலைகளில் நாட்டுக்குள் வருவதையும், அதற்காக வீணாகும் அந்நியச் செலாவணியையும் அது கணக்கிட்டுக் காட்டியது. அதே ஆண்டு அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. இறக்குமதியான இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. பொதுப்பெயரில் கேள்வி கோரி, உலகில் எங்கே மலிவோ அங்கே வாங்கினார்கள். பன்னாட்டுக் கொம்பனிகளின் எதிர்ப்பு பலமாக இருந்தது. பிபிலே 1977 செப்டெம்பரில் கயானாவில் ஐ.நா. பணியில் இருந்தபோது காலமானார். அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலைத் தயாரித்தது. அந்தப் பட்டியலின் இன்றைய பதிப்பில் புடெசொனைட் மூக்கு ஸ்பிறே இருக்கிறது. எனவே இதை வசதி படைத்தவர்களின் மருந்து என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

பிபிலே காட்டிய வழியில் நாடு நெடுகப் போகவில்லை. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் வர 2015 ஆயிற்று; 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வந்தது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏற, இறக்குமதி மருந்தின் விலை எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரிகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்து, வெளியே வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுப்பது வழக்கமாயிற்று. தரம் குறைந்த இம்யூனோகுளோபுலின் வாங்கிய விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே 2024 பெப்ரவரியில் கைதானார். மலிவு மருந்தை மக்கள் சந்தேகிப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு மருந்து விலை கூடிய பெட்டியில் இல்லை. பதிவும் தரச் சோதனையும் ஒழுங்காக நடப்பதில் இருக்கிறது. அதிகாரசபையில் பதிவான, பற்றுச்சீட்டோடு வாங்கிய, பெட்டி உடையாத பொதுப்பெயர் ஸ்பிறேயை நம்பிப் பாவிக்கலாம்.

பாமசியில் அடிக்கடி இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"தம்பி, இதே மருந்து விலை குறைஞ்ச கொம்பனியிலை இருக்கோ?"

"இருக்கம்மா. ஆனா டொக்டர் இந்தப் பேரைத்தானே எழுதியிருக்கிறார்."

இந்தப் பேச்சை வைத்தியரின் அறையிலேயே முடித்துவிட வேண்டும். "ஐயா, பொதுப்பெயரிலை எழுதித் தாங்கோ, எது மலிவோ அதை வாங்கிறன்" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்டால் பெரும்பாலான வைத்தியர்கள் எழுதித் தருவார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகும் நாளில் அரச மருந்தகமான ஒசுசலவிலும் ஒருக்கால் விலை விசாரிக்க வேண்டும்.

விலையை ஒப்பிடும்போது போத்தலுக்குப் போத்தல் ஒப்பிடாதீர்கள். நாளுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒரு தடவைக்கு எத்தனை மைக்ரோகிராம், போத்தலில் எத்தனை தடவை. 120 தடவை கொண்ட ஃபுளூட்டிகசோனை முழு அளவில், ஒவ்வொரு மூக்குத் துவாரத்துக்கும் இரண்டு தடவையாக நாளுக்கு ஒருமுறை அடித்தால் 30 நாளுக்கு வரும். பெக்லொமெத்தசோன் போத்தலில் 200 தடவை இருக்கலாம். ஆனால் அதை முழு அளவில் நாளுக்கு இருமுறை, மொத்தம் எட்டுத் தடவை அடிக்க வேண்டியிருப்பதால் 25 நாளில் முடிந்துவிடும். மேலும் அது இரத்தத்தில் கலக்கும் அளவும் அதிகம். அதை ஓராண்டு பாவித்த பிள்ளைகளின் வளர்ச்சி ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் குறைந்ததாக 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே பிள்ளைகளுக்கு, அதிலும் ஆஸ்துமாவுக்காக ஏற்கனவே ஸ்டீரொயிட் இழுக்கும் பிள்ளைகளுக்கு, ஃபுளூட்டிகசோனோ மொமெட்டசோனோ நல்லது. அங்கே நாலு காசு கூடினாலும் கொடுக்கத்தான் வேண்டும். அசெலாஸ்டீனும் ஃபுளூட்டிகசோனும் கலந்த புதிய ஸ்பிறே விலை கூடியது. தனி ஸ்டீரொயிட்டை ஒழுங்காகப் பாவித்தும் அடங்காதவருக்கே அது. ஸ்பிறேயோடு சேர்த்துத் தினமும் அன்ரிஹிஸ்டமின் குளிசையும் எழுதுவது இங்கே வழக்கம். அப்படிச் சேர்ப்பதால் ஆரம்பத்தில் கூடுதல் பலன் இல்லை, ஸ்பிறேயை மட்டும் கொண்டு தொடங்குங்கள் என்று 2017இல் அமெரிக்க ஒவ்வாமை நிபுணர் குழு பரிந்துரைத்தது. அந்தக் குளிசை தேவையா என்று வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள்.

வாங்கிய மருந்து மூக்கில் எங்கே போய்ப் படுகிறது என்பதுதான் அடுத்தது. அண்ணாந்து நின்று, துவாரத்தை நேரே மேல்நோக்கிக் குத்தி, பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குள் போய்விடும். தொண்டையில் கசப்போ வாசனையோ தெரிந்தால் அந்தத் தடவை வயிற்றுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். சரியான முறை இது. மூக்கைச் சீறுங்கள். போத்தலைக் குலுக்குங்கள். தலையைச் சற்றுக் குனியுங்கள். வலது துவாரத்துக்கு இடது கையாலும், இடது துவாரத்துக்கு வலது கையாலும் பிடியுங்கள். இப்படிக் கை மாற்றிப் பிடித்தால் நுனி தானாகவே நடுச்சுவரை விட்டு விலகி, வெளிப்பக்கம், அந்தப் பக்கக் காதை நோக்கிச் சாயும். வீங்கும் சவ்வு வெளிச்சுவரில் இருக்கிறது. மருந்து போகவேண்டிய இடம் அது. நடுச்சுவரில் திரும்பத் திரும்பப் பட்டால் மூக்கால் இரத்தம் கசியும், பயந்து மருந்தை நிறுத்துவீர்கள். அமர்த்தும்போது மெல்ல மூச்சை இழுத்தால் போதும்.

சிலர் நாள்தோறும் முதலில் காற்றில் ஒருமுறை அடித்துச் சோதித்துவிட்டே மூக்குக்குள் வைப்பார்கள். புதுப் போத்தலைத் திறக்கும்போதும், ஒரு கிழமைக்கு மேல் சும்மா இருந்தாலும் மட்டுமே அது வேண்டும். நாளுக்கு நாலு தடவை அடிப்பவர் ஒன்றைக் காற்றுக்குக் கொடுத்தால், 30 நாள் போத்தல் 24 நாளில் தீர்ந்துபோகும். மறுபக்கம், எண்ணிக்கை முடிந்த பிறகும் அடியில் நீர் தெரிகிறதென்று தொடர்வதிலும் பயனில்லை. அளவு சரியாக வராது. திறந்த திகதியைப் போத்தலில் பேனையால் எழுதி வையுங்கள்.

பெரிய மிச்சம் அளவைக் குறைப்பதில் வரும். முழு அளவில் சில கிழமைகள் அடித்து வருத்தம் அடங்கிய பின், ஒவ்வொரு துவாரத்துக்கும் ஒரு தடவையாகக் குறைத்து அடங்கியே இருக்கிறதா என்று பார்க்கலாம்; பல மருந்துகளின் கையேட்டிலேயே இது இருக்கிறது. 30 நாள் போத்தல் 60 நாளுக்கு வரும். ஆண்டுக்குப் பன்னிரண்டு போத்தல் வாங்கியவர் ஆறோடு முடிப்பார். காலம் பார்த்து வரும் ஒவ்வாமை என்றால் ஆண்டு முழுவதும் அடிக்கவும் தேவையில்லை. தேவைப்படும் நாளில் மட்டும் ஃபுளூட்டிகசோன் அடித்தவர்களையும், அதேபோல் லொரற்றடீன் குளிசை எடுத்தவர்களையும் சிக்காகோவில் ஒப்பிட்டு 2001இல் வெளியிட்ட ஆய்வில் ஸ்பிறேக்காரர்களே நன்றாக இருந்தார்கள். உங்களுக்கு இது பொருந்துமா என்பதை வைத்தியரோடு பேசி முடிவெடுங்கள்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் அறிகுறியைக் குறைக்கக்கூடும் என்று 2018இல் வந்த கொக்ரேன் மீளாய்வு சொல்கிறது. செலவு இல்லாத அளவுதான். கொதித்து ஆறிய ஒரு கோப்பைத் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி அயடீன் சேராத உப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. தீவுப்பகுதியில் இங்கே கவனம் வேண்டும். பல கிணறுகளில் தண்ணீர் ஏற்கனவே உவர். அதில் எவ்வளவு உப்பு என்று தெரியாது, கொதிக்க வைத்தால் உவர் கூடுமே தவிரக் குறையாது. குடிதண்ணீரை எடுத்துக் கொதிக்க வையுங்கள். கொதிக்காத தண்ணீரை ஒருநாளும் மூக்குக்குள் விடாதீர்கள். 2011இல் அமெரிக்காவின் லூயிசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தின்னும் அமீபா தொற்றி இறந்தார்கள். கழுவிய பிறகே ஸ்பிறே. முன்னர் அடித்தால் மருந்தையும் சேர்த்துக் கழுவிவிடுவீர்கள்.

தூசுண்ணி புகாத மெத்தை உறை என்று விலை கூடிய சாமான்களும் சந்தையில் உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2003இல் வெளியான பெரிய பரிசோதனையில் அந்த உறைகள் தூசுண்ணியைக் குறைத்தன. ஆனால் மூக்கு ஒவ்வாமைக்காரரின் அறிகுறியைக் குறைக்கவில்லை. அந்தக் காசை மருந்துக்கு வையுங்கள். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் கிழமைக்கு ஒருமுறை சுடுதண்ணீரில் தோய்த்து நல்ல வெயிலில் காயப் போடுவதோடு விட்டுவிடலாம்.

இவ்வளவும் நோயாளி செய்யக்கூடியவை. கடலைக் கடக்கும் செலவை நோயாளி குறைக்க முடியாது. அது சுகாதாரத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு பிரதேச வைத்தியசாலைகளிலும் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிலும் ஏதாவது ஒரு ஸ்டீரொயிட் மூக்கு ஸ்பிறே எந்நாளும் கையிருப்பில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குத் தீவிலிருந்து வருகிறவருக்கு ஒரு மாதத்துக்கு அல்ல, மூன்று மாதத்துக்கான போத்தல்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வருத்தம் அடங்கியவருக்கு இரண்டு போத்தலே மூன்று மாதத்துக்குத் தாராளம். மருந்துக் கையிருப்பைத் தீர்மானிக்கும் அதிகாரிகள் இதைச் செய்துதர வேண்டும்.